ஓட்டைவாயர்கள் உடைத்த தண்ணீர்

தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தவர் யார் என்று பரீட்சையில் கேட்டால் ஒரு பெயரை எழுதி இரண்டு மார்க் வாங்கிவிடலாம். சரித்திரத்தைக் கேட்டால் அது தலையைச் சொறியும். இந்தக் கதையில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தண்ணீரைப் பிரிக்க வேண்டும் என்று உட்காரவே இல்லை. ஒருவர் ஜாடிக்குள் எலியை விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாதிரியார். ஒருவர் வரி வசூல் குத்தகைக்காரர். ஒருவர் கத்தி பிடித்த டாக்டர். இன்னொருவர் கடன்காரர்களுக்குப் பயந்த பத்திரிகையாசிரியர். இவர்களையெல்லாம் ஒரே சரத்தில் கோத்தது மேதைமை அல்ல, வாய். காதில் விழுந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத வாய். அந்தக் கால ஐரோப்பாவில் மூன்றே மூன்று பேர் சும்மா இருந்திருந்தால், தண்ணீர் இன்னும் கொஞ்ச காலம் மானத்தோடு இருந்திருக்கும்.

அதற்கு இருந்த மானம் கொஞ்சநஞ்சமல்ல. நமக்குப் பூதங்கள் ஐந்து, கிரேக்கர்களுக்கு நாலு. இரண்டு பட்டியலிலும் நீருக்கு நிரந்தர இடம். பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பக்கத்து வான் ஹெல்மாண்ட், அடுப்பில் காயவைத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் கொட்டி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் வெறும் தண்ணீர் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது. மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ். ஆக, மரம் என்பது முழுக்க முழுக்கத் தண்ணீர்தான் என்று தீர்ப்பு எழுதினார். காற்று அவர் கணக்கிலேயே வரவில்லை. இத்தனைக்கும் ‘கேஸ்’ என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த புண்ணியவான் அவர்.

இந்தத் தீர்ப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேல் செல்லுபடியானது. தண்ணீரைக் காய்ச்சினால் அடியில் மண் தங்குகிறதே, அப்படியானால் தண்ணீர் மண்ணாகிறது என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். பாரிஸில் லவாய்சியர் என்ற இளைஞர் கண்ணாடிப் பாத்திரத்தை மூடி முத்திரையிட்டு, உள்ளே தண்ணீரை 101 நாள் காய்ச்சினார். மண் வந்தது. பாத்திரத்தை எடை போட்டார்; அநேகமாக அதே அளவு பாத்திரம் இளைத்திருந்தது. தண்ணீர் மண்ணாகவில்லை, கண்ணாடிதான் கரைந்திருக்கிறது. மனுஷன் தராசோடு பிறந்தவர். எதையும் எடை போடாமல் நம்பமாட்டார். பிற்பாடு அடுத்தவர் கண்டுபிடிப்பையும் அப்படித்தான்: எடை போட்டார், எடுத்துக்கொண்டார்.

இனி லண்டனுக்குப் போவோம். ஹென்றி கேவண்டிஷ். ஊரிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர், ஊரிலேயே பெரிய கூச்சக்காரர். பெண்களைக் கண்டால் ஆகாது. வேலைக்காரி எதிரே வந்துவிடக்கூடாதென்று வீட்டுக்குத் தனி மாடிப்படியே கட்டினாராம். சாப்பாட்டு உத்தரவெல்லாம் மேஜைமேல் சீட்டில். பெரும்பாலும் ஆட்டுத்தொடை. ஒருநாள் விருந்தாளிகளோடு சேர்த்து ஐந்து பேர் சாப்பிடவேண்டும், ஒரு தொடை எப்படிக் காணும் என்று வீட்டில் கேட்டார்களாம். “அப்படியானால் இரண்டு” என்றாராம். அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சுகளில் இதைச் சேர்க்கலாம்.

இந்த மௌனச்சாமி 1766ல் துத்தநாகம், இரும்பு, தகரம் ஆகியவற்றை அமிலத்தில் போட்டு வந்த காற்றைப் பிடித்துவைத்தார். நெருப்பைக் காட்டினால் பக்கென்று பற்றியது. சாதாரணக் காற்றைவிடப் பல மடங்கு லேசு. இன்றைக்கு அதற்கு ஹைட்ரஜன் என்று பெயர். அன்றைக்கு வேதியியலில் எல்லா நோய்க்கும் ஒரே லேகியம்: ஃப்ளோஜிஸ்டன். எரிகிற பொருளுக்குள் ஒளிந்திருந்து, எரியும்போது நழுவி ஓடிவிடும் சரக்கு. உலோகம் எரிந்தபின் எடை கூடுகிறதே, உள்ளிருந்து ஒன்று ஓடிப்போனால் குறையத்தானே வேண்டும் என்று யாராவது கேட்டால், அதற்கு மைனஸ் எடை என்று பதில் சொல்லவும் ஆள் இருந்தது. கேவண்டிஷ் தன் ஜாடியைப் பார்த்து, சாட்சாத் ஃப்ளோஜிஸ்டனே வந்து இறங்கிவிட்டது என்று நினைத்தார்.

இப்போது முதல் ஓட்டைவாயர். ஜோசப் பிரீஸ்ட்லி, பாதிரியார். மதுவடிக்கும் தொட்டிமேல் மிதந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்து உலகத்துக்கு சோடா கொடுத்தவர். 1774 ஆகஸ்டில் பெரிய லென்ஸை வைத்துப் பாதரசச் செந்தூரத்தைச் சூடாக்கினார். அதிலிருந்து வந்த காற்றில் மெழுகுவத்தி தீபாவளி மத்தாப்பாக எரிந்தது. எலிகள் உற்சாகமாக இருந்தன. ஆக்சிஜன்தான். இதே ஆக்சிஜனை ஸ்வீடனில் ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் அதற்கு முன்பே பிடித்திருந்தார். அவர் புத்தகம் அச்சாகி வந்ததோ 1777ல். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது வாயு பிடிக்கிற பிள்ளைக்கும் பொருந்தும்.

பிரீஸ்ட்லிக்கு இருந்தது வாய் அல்ல, மதகு. அந்த அக்டோபரிலேயே பாரிஸ் போய், லவாய்சியர் வீட்டு விருந்து மேஜையில், தனக்குத் தெரிந்த அரைகுறை ஃப்ரெஞ்சில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். லவாய்சியருக்குக் காது நல்ல காது. சில வருஷம் கழித்து, எரிவது என்றால் உள்ளிருந்து ஒன்று ஓடுவதல்ல, வெளியிலிருந்து ஆக்சிஜன் வந்து சேருவது என்று ஃப்ளோஜிஸ்டனுக்குப் பாடை கட்டினார். பாடையில் பிரீஸ்ட்லிக்கு ஒரு மாலை மரியாதைகூட ஒழுங்காகச் செய்யவில்லை.

1781ல் பிரீஸ்ட்லி நண்பர்களுக்கு வேடிக்கை காட்ட, எரியும் காற்றையும் சாதாரணக் காற்றையும் கலந்து கண்ணாடிக்குள் மின்பொறி விட்டார். டப். உள்சுவரில் பனி படர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல் துடைத்துவிட்டு நடந்தார். ஆனால் வழக்கம்போல வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். கேவண்டிஷ் காதில் விழுந்தது. அவர் சீட்டெழுதும் மனுஷன், விடமாட்டார். திரும்பத் திரும்பச் செய்து, எரியும் காற்று இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு சேர்ந்தால் மிச்சமில்லாமல் தண்ணீர் என்று கண்டார். அத்தோடு வெளியே ஓடிவந்து கூவவேண்டியதுதானே? தண்ணீரில் கொஞ்சம் அமிலம் புளித்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடப் போய், நைட்ரஜன் கலந்ததன் கோளாறு என்று பிடிப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. அப்போதும் தண்ணீர் இரண்டு பொருளின் கூட்டு என்று அவர் சொல்லவில்லை. எரியும் காற்று என்பது ஃப்ளோஜிஸ்டன் ஏறிய தண்ணீர், ஆக்சிஜன் என்பது ஃப்ளோஜிஸ்டன் இறங்கிய தண்ணீர் என்றார். கையில் வெண்ணெய், மனசில் நெய்.

இரண்டாவது ஓட்டைவாயர் சார்லஸ் பிளாக்டன், கேவண்டிஷின் உதவியாளர். எஜமானருக்கு இல்லாத வாயைச் சேர்த்து இவருக்கே கொடுத்திருந்தான் ஆண்டவன். 1783 ஜூனில் பாரிஸ் போனவர், கேவண்டிஷ் வீட்டுச் சோதனையை லவாய்சியரிடம் அவிழ்த்துவிட்டார். ஜூன் 24ஆம் தேதி லவாய்சியரும் லாப்லாஸும், பிளாக்டனையே பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, இரண்டு வாயுவையும் எரித்துச் சில ஸ்பூன் தண்ணீர் எடுத்தார்கள். மறுநாளே அறிவியல் அகாடமியில் அறிவிப்பு: தண்ணீர் தனிப்பொருள் அல்ல. பிற்பாடு அச்சிட்ட கட்டுரையில் கேவண்டிஷின் பெயர் ஓரமாக ஓரிடத்தில் வந்தது. அது போதாது என்று பிளாக்டன் பொருமினார். கதவைத் திறந்து விட்டவரே திருட்டுப் புகார் கொடுத்த மாதிரி.

நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட்டும் நானும் நானும் என்று வந்தார். தண்ணீர் கூட்டுப்பொருள் என்று 1783 ஏப்ரலிலேயே அவர் பிரீஸ்ட்லிக்குக் கடிதம் எழுதியிருந்தார். கேவண்டிஷின் கட்டுரை 1784 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டதும், டெலூக் என்ற சுவிஸ்காரர் வாட்டுக்குக் கடிதம் போட்டு வத்தி வைத்தார்: உன் யோசனையை அந்த ஆள் எடுத்துக்கொண்டான். தேதிகளைப் பார்த்துத் தீர்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கேவண்டிஷ் கட்டுரையின் தனிப்பிரதிகளில் 1784க்குப் பதில் 1783 என்று அச்சாகிவிட்டது. லவாய்சியரின் கட்டுரையோ 1784ல் வெளிவந்தும், அகாடமியின் 1781ஆம் வருஷத் தொகுதியில் உட்கார்ந்திருந்தது. இந்த வழக்கை அடுத்த நூற்றாண்டுச் சரித்திராசிரியர்கள்கூட விடாமல் இழுத்தார்கள்.

இதுவரை நடந்ததெல்லாம் தண்ணீரைச் செய்தது. உடைத்தது? அதற்கு ஒரு பலூன் தேவைப்பட்டது. 1783 ஆகஸ்ட் 27 அன்று பேராசிரியர் ஷார்ல் பாரிஸில் ஹைட்ரஜன் பலூன் விட்டார். ஆள் கிடையாது, வெறும் பை. அதை நிரப்ப அரை டன் இரும்பும் கால் டன் கந்தக அமிலமும் செலவு. முக்கால் மணி நேரம் பறந்து கொனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தது. வானத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு உருண்டுவந்த வஸ்துவைப் பார்த்த விவசாயிகள், வைக்கோல் கிளறும் முட்கோலால் குத்திக் கிழித்துக் குதிரை வாலில் கட்டி இழுத்தார்கள். பொதுமக்கள் பயப்படவேண்டாம், இது வெறும் பலூன்தான் என்று அரசாங்கமே நோட்டீஸ் அடிக்கவேண்டி வந்தது.

அந்தப் பைகளை மலிவாக நிரப்ப வழி தேடிய கமிட்டியில் லவாய்சியரும் இருந்தார். அமிலம் விலை அதிகம். தண்ணீர் சும்மா கிடைக்கிறது. தண்ணீருக்குள் ஹைட்ரஜன் இருப்பது நிஜமானால் பிடுங்கிவிடலாமே? மெஸ்னியே என்ற ராணுவ எஞ்சினியரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, துப்பாக்கிக் குழல் ஒன்றைச் சாய்த்து உலைக்குள் செருகினார். துப்பாக்கிக் குழலுக்கு அவர் அலையவேண்டியதில்லை. அரசாங்க வெடிமருந்து இலாகாவே அவர் கையில், குடியிருந்ததே ஆயுதசாலையில். குழல் செக்கச் சிவந்ததும் மேல் முனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். உள்ளே போன ஆவியிலிருந்த ஆக்சிஜனைப் பழுத்த இரும்பு கவ்விக்கொண்டது. ஹைட்ரஜன் மறுமுனையில் வெளியே வந்தது. இரும்பின் எடை கூடியிருந்தது. 1785 பிப்ரவரி 27, 28 இரண்டு நாளும் கூட்டம் கூட்டி, தண்ணீரை உடைத்தும் சேர்த்தும் காட்டினார். தண்ணீரில் எடைக்கு 85 பங்கு ஆக்சிஜன், 15 பங்கு ஹைட்ரஜன் என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு 89க்கு 11. துப்பாக்கியை வைத்து அளந்ததற்கு இது தேவலாம்.

அவருடைய முடிவு தெரிந்ததுதான். புரட்சி வந்தது, லவாய்சியர் உட்பட வரிக் குத்தகைக்காரர்களைக் கூண்டிலேற்றியது. 1794 மே 8 அன்று மாமனார் தலை முதலில், பின்னாலேயே மருமகன் தலை. குற்றச்சாட்டுகளில் ஒன்றை மட்டும் சொல்லாமல் போகமுடியாது. ஜனங்களுக்கு விற்ற புகையிலையில் இந்தக் குத்தகைக்காரர்கள் தண்ணீர் கலந்தார்களாம்.

நடுவில், 1789ல், ஆம்ஸ்டர்டாமில் ஒரு வியாபாரியும் ஒரு டாக்டரும் மின்சாரத்தால் தண்ணீரை அடித்துப் பார்த்தார்கள். பேட்ஸ் வான் ட்ரூஸ்ட்வைக், டைமான். பேட்டரி இல்லாத காலம். கண்ணாடிச் சக்கரத்தைக் கையால் சுற்றி மின்சாரம் சேர்த்து, தங்கக் கம்பி வழியாகக் குழாயிலுள்ள தண்ணீருக்குள் பொறி விடவேண்டும். ஒரு பொறிக்குக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓரிரு குமிழி. நூற்றுக்கணக்கான பொறிக்குப் பிறகு குழாயின் தலைப்பில் கொஞ்சம் வாயு தேறியது. வாயு சேரச் சேரத் தண்ணீர் மட்டம் இறங்கியது. கம்பியின் நுனி வெளியே தெரிந்த அந்தக் கணம், அடுத்த பொறி வாயுக்குள்ளேயே பாய்ந்தது. டப். அத்தனை வாயுவும் மறுபடி தண்ணீர். சாண் ஏறினால் முழம் சறுக்கல். ஆனால் அந்தச் சறுக்கல்தான் அவர்களுடைய சாட்சி: வந்தது வேறெந்த வாயுவாக இருந்தாலும் இப்படி மிச்சமில்லாமல் மறைந்திருக்காது.

வரவும் செலவும் அங்கேயே தெரிந்துவிட்டது. உடைக்கக் கொடுத்த சக்திக்கு மேல், சேரும்போது ஒரு நயா பைசா திரும்பாது. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஒன்பது லிட்டர் தண்ணீர் போதும். மின்சாரம் மட்டும் இன்றைய இயந்திரத்தில் சுமார் ஐம்பது யூனிட் வேண்டும். இதைச் சௌகரியமாக மறந்துவிட்டுத் தண்ணீரில் கார் ஓட்டுகிறேன் என்று காசு வாங்கிய அமெரிக்கர் ஸ்டான்லி மேயரை, 1996ல் ஒஹையோ நீதிமன்றம் அப்பட்டமான மோசடிக்காரர் என்று சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது.

மூன்றாவது ஓட்டைவாய்க்கு வந்துவிட்டோம். இத்தாலியில் கால்வானி செத்த தவளையின் காலில் இரண்டு உலோகத்தை வைத்தார்; கால் துள்ளியது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். போலோஞா தவளைகள் காலால் கெட்டன. தவளை வேண்டாம், இரண்டு உலோகமும் ஈரமும் போதும் என்று சொன்ன வோல்ட்டா, வெள்ளி, துத்தநாகம், உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கி முதல் பேட்டரியைச் செய்தார். 1800 மார்ச் 20 தேதியிட்டு ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். போர்க்காலம், கடிதம் இரண்டு தவணையாக வந்தது. முதல் தவணை வந்ததுமே பாங்க்ஸ் செய்த காரியம், சபையில் படிப்பதற்கு முன்பே அதை அறுவை டாக்டர் ஆன்டனி கார்லைலிடம் காட்டியதுதான். கார்லைல் நண்பர் வில்லியம் நிக்கல்சனிடம் காட்டினார். நிக்கல்சன் யார்? பத்திரிகை நடத்துகிறவர்! சும்மா மென்ற வாய்க்கு அவல்.

நிக்கல்சனை எனக்குப் பிடிக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வேலை, வெட்ஜ்வுட் பீங்கானுக்கு ஏஜென்ட், மொழிபெயர்ப்பு, பேட்டன்ட், பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய்த் திட்டம் என்று தொட்டதெல்லாம் தொழில், ஒன்றிலும் பணம் நிற்கவில்லை. நண்பர் காட்வினுக்குப் பிறந்த பச்சைக்குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சாமுத்ரிகா லட்சணம் எழுதிக் கொடுத்தவர். அந்தக் குழந்தை வளர்ந்து ஃபிராங்கன்ஸ்டைன் எழுதியது.

ஏப்ரல் 30. கார்லைல் 17 அரை-கிரவுன் வெள்ளி நாணயங்களை அடுக்கிவிட்டார். இடையிடையே துத்தநாகத் தகடு, உப்புநீர் அட்டை. இன்றைக்கு ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு நாற்பது பக்கம் எழுதுகிறவர்கள் கவனிக்க: மொத்த முதலீடு இரண்டு பவுண்டு சொச்சம், அதுவும் திரும்ப எடுத்துச் செலவழிக்கக்கூடிய காசு. கம்பி மேல்தகட்டில் சரியாகப் பதியவில்லை. பதியட்டும் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். அந்தச் சொட்டுக்குள் கம்பியைச் சுற்றிக் குமிழி. நிக்கல்சன் மூக்கை நீட்டினார்; ஹைட்ரஜன் வாடை என்று தோன்றியது.

மே 2ஆம் தேதி நாணயம் 36 ஆனது. அரை அங்குல அகலக் கண்ணாடிக் குழாய், இரண்டு முனையிலும் தக்கை, தக்கை வழியாகப் பித்தளைக் கம்பி, உள்ளே லண்டனின் நியூ ரிவர் வாய்க்காலிலிருந்து வந்த தண்ணீர். ஒரு கம்பியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி சரம் கட்டியது. எதிர்க் கம்பி பளபளப்பிழந்து கறுத்தது. அங்கே வந்த ஆக்சிஜனைப் பித்தளை அங்கேயே தின்றுவிட்டது. அப்புறம் பிளாட்டினக் கம்பி போட்டார்கள். பிளாட்டினம் விரதம் கெடாத உலோகம். ஆக்சிஜனும் முழுசாக மேலே வந்தது. ஹைட்ரஜன் சுமார் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. கேவண்டிஷ் சேர்த்த அதே கணக்கு, திருப்பிப் போட்டு.

அவர்களுக்கே தெரியாமல் இரண்டு அதிர்ஷ்டம் வேலை செய்தது. தண்ணீர் உடைய அடிமட்டத்தில் 1.23 வோல்ட் வேண்டும், நடைமுறையில் அதற்கும் மேலே. ஒரு ஜோடித் தகடு தருவது ஒரு வோல்ட்டை ஒட்டி, அடுக்கினதால் பிழைத்தார்கள். சுத்தத் தண்ணீரில் மின்சாரம் போகவே முரண்டு பிடிக்கும். லண்டன் வாய்க்கால் தண்ணீரில் உப்புக்கா பஞ்சம்?

ஒன்று மட்டும் நிக்கல்சனுக்குப் பிடிபடவில்லை. உடைவது ஒரே தண்ணீர் என்றால் இரண்டு வாயுவும் ஒரே இடத்தில்தானே வரவேண்டும்? ஹைட்ரஜன் இந்தக் கம்பியில், ஆக்சிஜன் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் தள்ளி அந்தக் கம்பியில் வந்தால், நடுவில் யார் யாரைத் தூக்கிக்கொண்டு போனது? 1805ல் இருபது வயது குரோட்டஸ் ஒரு வழி சொன்னார்: யாரும் முழுத் தூரம் நடக்கவில்லை, ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளோடு ஜோடி மாற்றிக்கொள்ளும், கடைசியில் நிற்கிறது மட்டும் தனியாகிவிடும். அந்த ஜோடி மாற்றும் யோசனை, திருத்தங்களோடு, இன்றும் புரோட்டான் எப்படித் தண்ணீரில் தாவுகிறது என்று விளக்க அவர் பெயரிலேயே நிற்கிறது.

நிக்கல்சன் ஒரு நாகரிகம் காட்டினார். வோல்ட்டாவின் கடிதம் ஜூன் 26 அன்று சபையில் படிக்கப்படும்வரை பொறுத்து, ஜூலையில்தான் தன் பத்திரிகையில் போட்டார். சேதி அதற்குள் ஊருக்கே தெரியும் என்பது வேறு விஷயம். நெப்போலியன் வோல்ட்டாவுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார், பிற்பாடு பிரபு பட்டமும் கொடுத்தார். கார்லைல் சர் ஆனார். நிக்கல்சன் கடனாளிச் சிறையைப் பார்த்துவிட்டு 1815ல் கையில் காசில்லாமல் இறந்தார்.

சரி, 1800க்குப் பிறகாவது எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? ஜெர்மனியில் ரிட்டர் அதே வருஷம் இரண்டு வாயுவையும் தனித்தனியாகப் பிடித்தார். பேட்டரியைத் தன் கண்ணிலும் மூக்கிலும் நாக்கிலும் வைத்துப் பார்த்த வீரர் அவர். ஆனாலும் தண்ணீர் உடையவில்லை என்றார்! தண்ணீரோடு எதிர் மின்சாரம் சேர்ந்தால் ஹைட்ரஜன், நேர் மின்சாரம் சேர்ந்தால் ஆக்சிஜன், தண்ணீர் பத்தினி மாதிரி அப்படியே இருக்கிறது என்பது அவர் கட்சி.

அவரையும் தூக்கிச் சாப்பிட்டவர் நம் சோடாக்காரப் பாதிரியார். பர்மிங்ஹாமில் கும்பல் வீட்டைக் கொளுத்தியதால் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூரில் உட்கார்ந்திருந்தார் பிரீஸ்ட்லி. லண்டனில் நாணயங்கள் குமிழி விட்ட அதே 1800ல், ஃப்ளோஜிஸ்டனை நிலைநாட்டி, தண்ணீர் கூட்டுப்பொருள் என்பதை மறுத்து ஒரு புத்தகமே போட்டார். அதோடு நிற்காமல் தானும் வோல்ட்டா அடுக்கு ஒன்றை வைத்துச் சோதனை செய்து, இந்தப் புதுக்கதையெல்லாம் தப்பு என்று கட்டுரை எழுதி, கப்பலேற்றி, வேறு யாருக்குமல்ல, நிக்கல்சனின் பத்திரிகைக்கே அனுப்பினார். நிக்கல்சன் 1802ல் அதை அச்சிட்டார். மாதா மாதம் பக்கம் நிரம்ப வேண்டுமே.